மியூனிக்கில் உள்ளூர்ச் சாப்பாடு: பிள்ளைகளோடும் சைவ அம்மாவோடும் சமாளிக்க முடியுமா?

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு மியூனிக் வருகிறோம். நானும் கணவரும், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும், என் அம்மாவும். அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். நாங்கள் மாட்டிறைச்சி தவிர மற்றதெல்லாம் சாப்பிடுவோம். வேளைக்கு வேளை இந்திய உணவகம் தேடி அலையாமல் அந்த ஊர்ச் சாப்பாட்டையே சாப்பிட வழி உண்டா?

பதில்:

உண்டு. ஜெர்மனியின் மற்றப் பெருநகரங்களைவிட மியூனிக்கில் இது சுலபம் என்றே சொல்வேன். வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். கோடை பிறந்தால் ஊரிலிருந்து யாராவது வருவார்கள். வருபவர்களில் ஒருவராவது உங்கள் அம்மாவைப் போல இருப்பார். அவர்களை முதல் நாள் மாலையே நான் அழைத்துப் போகும் இடம் பியர்கார்ட்டன் எனப்படும் பீர் தோட்டம். பெயரைக் கேட்டதும் பெரியவர்கள் தயங்குவார்கள். போய் உட்கார்ந்துவிட்டால் கிளப்புவதுதான் பெரும்பாடு.

நம் ஊர் மதுக்கடையை மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள். செஸ்ட்நட் மர நிழலில் நீள நீளமான மர மேசைகள், தள்ளுவண்டியில் தூங்கும் கைக்குழந்தைகள், சீட்டாடும் கிழவர்கள், பெரிய தோட்டங்களில் பிள்ளைகளுக்கென விளையாட்டுத் திடல். உங்களுக்குப் பயன்படும் விஷயம் ஒன்று உண்டு: சாப்பாட்டை நீங்களே கொண்டுபோகலாம். ஒளித்துவைத்துச் சாப்பிட வேண்டியதில்லை. மியூனிக் இருக்கும் பவேரிய மாநிலத்தின் அரசு 1999-இல் பிறப்பித்த விதிமுறையே பீர் தோட்டத்துக்கு இரண்டு அடையாளங்களைச் சொல்கிறது. அது தோட்டமாக இருக்க வேண்டும். வருபவர்கள் தங்கள் கட்டுச்சோற்றைக் கட்டணமின்றி உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்க வேண்டும்.

இந்த வழக்கம் பிறந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். முன்பு பவேரியாவில் கோடையில் பீர் காய்ச்சத் தடை இருந்தது. அடுப்பிலிருந்து ஊருக்குத் தீப்பிடிக்கும் என்ற பயம் ஒரு காரணம். இங்கு காய்ச்சப்படும் பீர் நொதிப்பதற்குக் குளிர் தேவை என்பது இன்னொரு காரணம். அதனால் குளிர்காலத்தில் காய்ச்சியதை இசார் ஆற்றங்கரை மேட்டில் தோண்டிய நிலவறைகளில் பனிக்கட்டியோடு சேர்த்துவைத்தார்கள். நிலவறை சூடேறாமலிருக்க மேலே சரளைக்கல் பரப்பி, அகன்ற இலைகளைக் கொண்ட செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். அந்த நிழலிலேயே மேசை போட்டு விற்கத் தொடங்கியதும் நகரத்து விடுதிக்காரர்கள் தங்கள் பிழைப்பு போகிறதென்று முறையிட்டார்கள். 1812-இல் மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொன்னார்: காய்ச்சுபவர்கள் பீரும் ரொட்டியும் விற்கலாம், வேறு உணவு விற்கக் கூடாது. பசித்தவர்கள் வீட்டிலிருந்து கூடையில் எடுத்துவரத் தொடங்கினார்கள். பின்னாளில் தடை நீங்கியது, கூடை கட்டும் வழக்கம் நீங்கவில்லை. அக்கம்பக்கத்தாரின் இரைச்சல் புகாரால் ஒரு தோட்டத்தை இரவு சீக்கிரமே மூடும்படி நீதிமன்றம் சொன்னபோது, 1995 மே மாதம் ஆயிரக்கணக்கானோர் மியூனிக் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். மேலே சொன்ன விதிமுறை அதற்குப் பிறகு வந்ததுதான்.

ஆகவே சமையலறை உள்ள தங்குமிடமாகப் பாருங்கள். பாஸ்மதி அரிசியும் தயிரும் எந்தச் சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். தயிரில் 3.5 சதவீதக் கொழுப்பு என்று போட்டதை வாங்குங்கள். கொழுப்பு நீக்கியது தண்ணீர் போலிருக்கும். அம்மாவுக்குத் தயிர்சாதம், ஊரிலிருந்து கொண்டுவந்த மாவடு. தாளிக்கும்போது மட்டும் சன்னலைத் திறந்துவையுங்கள், வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். ஒரு மேசைவிரிப்பும் தட்டும் கரண்டியும் எடுத்துப் போங்கள். இங்குள்ளவர்களும் அப்படித்தான் கட்டம் போட்ட துணியை விரித்து, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கடைபரப்பி உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் டிபன் கேரியரை யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள்; மிஞ்சினால் அது என்னவென்று விசாரிப்பார்கள்.

இரண்டு விதிகளை மீறக் கூடாது. தோட்டத்தை நடத்துபவரே விரிப்பு போட்டு வைத்திருக்கும் மேசைகளில் பரிமாறும் ஆள் வருவார். அங்கே சொந்தச் சாப்பாடு ஆகாது. விரிப்பில்லாத வெற்று மேசைகளே உங்களுக்கு. அடுத்து, குடிப்பதை அங்கேதான் வாங்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே நல்லது. கோலாவும் ஆரஞ்சும் கலந்த ஷ்பெட்சியைத்தான் அவர்கள் கேட்பார்கள். அதில் கஃபீன் இருக்கிறது, இரவு தூக்கம் உங்கள் பொறுப்பு. கோப்பைக்கு முன்பணம் பிடித்தால் ஒரு வில்லை தருவார்கள், கோப்பையோடு அதையும் திருப்பிக் கொடுத்தால் பணம் வரும்.

நீங்கள் நால்வரும் அங்குள்ள கவுன்டர்களில் வாங்கிச் சாப்பிடுங்கள். கம்பியில் சுழன்று வெந்த அரைக் கோழி ஹெண்டில். உப்பும் பொன்னிறத் தோலுமாக வரும், எங்கள் வீட்டு விருந்தினர் ஒருவரும் குறை சொன்னதில்லை. குச்சியில் குத்தித் தணலருகே சுடும் மீன் ஷ்டெக்கர்ல்ஃபிஷ், பெரும்பாலும் கானாங்கெளுத்தி வகை. மிளகாய்த்தூளை எதிர்பார்க்காதீர்கள், ஆனால் தணல் மணம் ஏறிய மீனுக்கு அது தேவைப்படாது என்பது என் கட்சி. ராடி என்பது நம் வெள்ளை முள்ளங்கியேதான். அதைச் சுருள் சுருளாகச் சீவி உப்புத் தூவி வைத்தால் சிறிது நேரத்தில் நீர்விட்டுக் காரம் தணியும். அம்மாவும் தாராளமாகச் சாப்பிடலாம். முறுக்கிய பெரிய பிரெட்சன் ரொட்டி ஒன்றை இரண்டு பேர் பகிரலாம். அதைத் தொட்டுக்கொள்ள ஒபாட்ஸ்டா: பழுத்த காமம்பேர் பாலாடைக்கட்டியில் வெண்ணெய், வெங்காயம், பாப்ரிகா பொடி சேர்த்துப் பிசைந்தது.

இடம் என்றால், பிள்ளைகளுக்காக ஹிர்ஷ்கார்ட்டன். சுமார் 8,000 பேர் உட்காரும் தோட்டம், வேலிக்கு அந்தப் பக்கம் மான்கள். எங்லிஷர் கார்ட்டன் பூங்காவுக்குள் சீனக் கோபுரத்தடியில் உள்ள தோட்டமும் நன்றாக இருக்கும், கூட்டம் அதிகம். 1589-இல் தொடங்கிய ஹோஃப்பிராய்ஹவுஸ் என்ற பீர் மண்டபத்தைப் பிள்ளைகள் ஒருமுறை எட்டிப்பார்க்கட்டும். அந்த வாத்திய இரைச்சலில் அம்மாவை உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மழை வந்தால் பீர் தோட்டம் இல்லை. அன்றும் மற்ற நாள் மதியங்களிலும் விர்ட்ஸ்ஹவுஸ் எனப்படும் உள்ளூர்ச் சாப்பாட்டு விடுதிகளுக்குப் போங்கள். பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். வேலை நாள்களில் மதியம் 'டாகெஸ்கெரிஷ்ட்' என்று அன்றைய சமையலைக் குறைந்த விலைக்குப் போடுவார்கள். எல்லாமே சீக்கிரம் வரும். சில விடுதிகளில் இரண்டு மணிக்குமேல் அடுப்பை அணைத்துவிட்டு மாலையில்தான் மறுபடி மூட்டுவார்கள். அருங்காட்சியகம் முடித்து மூன்று மணிக்குப் பசியோடு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலையும் குடும்பங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அம்மா விஷயத்தில் விடுதியில் கவனம் வேண்டும். காய்கறியாகத் தெரிவதெல்லாம் சைவமாக இருக்காது. பவேரிய உருளைக்கிழங்கு சாலட்டைப் பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த நீர் ஊற்றித்தான் கிளறுவார்கள். சிவப்பு முட்டைக்கோஸ் பொரியலில் பன்றிக் கொழுப்பு சேரலாம், புளித்த கோஸிலும் வறுத்த உருளைக்கிழங்கிலும் ஷ்பெக் எனும் உப்பிட்ட பன்றிக் கொழுப்புத் துண்டுகள் கிடக்கலாம். தெளிந்த சூப் என்றால் பெரும்பாலும் மாட்டு எலும்புச் சாறு. பிரெட்சன் மாவில்கூடச் சிலர் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, வாங்கும்போதே 'ஷ்மால்ட்ஸ்' இருக்கிறதா என்று கேளுங்கள். சைவம் என்று பட்டியலில் முதலில் நிற்கும், பாலாடைக்கட்டி சேர்த்த நூடுல்ஸ் போன்ற கேஸ்ஷ்பெட்ஸ்லேயின் மாவிலும் ரொட்டி உருண்டையான செம்மல்க்னோடலிலும் முட்டை உண்டு. காமம்பேர் போன்ற பாலாடைக்கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் இருக்கலாம் என்பதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், முடிவை அவர் எடுக்கட்டும்.

முட்டையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வாமை தரும் 14 பொருள்களை உணவகங்கள் தெரிவிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். முட்டை அதில் ஒன்று. உணவுப் பெயருக்கு மேல் சிறிதாகப் போட்டிருக்கும் எழுத்துகளுக்குப் பட்டியலின் கடைசியில் விளக்கம் இருக்கும். எழுத்து ஒவ்வொரு கடைக்கும் மாறலாம் என்பதால் விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இறைச்சிச் சாறுக்கு அந்த வசதி இல்லை, வாய்விட்டுக் கேட்பதே வழி. 'ஓனெ ஃப்ளைஷ், ஓனெ ஷ்பெக், ஓனெ ஐ' என்றால் இறைச்சி, ஷ்பெக், முட்டை எதுவும் இல்லாமல் என்று பொருள். வேகவைத்த உருளைக்கிழங்கு, வெண்ணெய், சாலட், கிரீமில் வதக்கிய காளான் இவை அவர்களால் எளிதாகத் தர முடிந்தவை. பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். அம்மாவின் மகிழ்ச்சி மாலைத் தயிர்சாதத்தில்தான்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கு: 'வீனர் ஷ்னிட்செல்' என்று இருந்தால் அது கன்றிறைச்சி. 'ஷ்னிட்செல் வீனர் ஆர்ட்' என்றால் வழக்கமாகப் பன்றி. ஒரு சொல் வேறுபாட்டில் மிருகமே மாறிவிடும். ஊரே கொண்டாடும் வைஸ்வுர்ஸ்ட் எனும் வெள்ளைத் தொத்திறைச்சியிலும் கன்றிறைச்சிதான் பிரதானம், உங்களுக்கு ஆகாது. அரைத்த இறைச்சியை ரொட்டி போல வார்த்துச் சுடும் லேபர்கேஸில் மாடும் பன்றியும் கலந்திருக்கும். மொறுமொறுப்பான மேல்தோலோடு வரும் பன்றி வறுவல் ஷ்வைன்ஸ்பிராட்டன், பன்றி சாப்பிடுவீர்கள் என்றால், இந்த ஊரின் உச்சம். அதன் குழம்பில் எலும்புச் சாறு எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு தட்டு வாங்கி அது பாதியில் கிடப்பதைவிட, 'ரொய்பர்டெல்லர்' கேளுங்கள். திருடன் தட்டு என்று பொருள். காலித் தட்டும் முள்கரண்டியும் தருவார்கள், பிள்ளை பெற்றோரின் தட்டுகளிலிருந்து திருடிச் சாப்பிட வேண்டியது. எல்லா விடுதியிலும் இல்லை, ஆனால் பல இடங்களில் காசு வாங்காமல் தருவார்கள். பிறகு எல்லாருக்கும் நடுவில் ஒரு கைசர்ஷ்மார்ன்: தடித்த முட்டைத் தோசையைக் கல்லிலேயே கொத்துப் பரோட்டா மாதிரி பிய்த்துப் போட்டு, சர்க்கரை தூவி, ஆப்பிள் கூழோடு தருவது. மதியச் சாப்பாடாகவே இதை மட்டும் சாப்பிடுபவர்களும் உண்டு. உலர்திராட்சையைச் சில இடங்களில் ரம்மில் ஊறவைப்பார்கள், பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

காலைக்கு விக்டுவாலியன்மார்க்ட் சந்தை. 1807-இல் மரியன்பிளாட்ஸ் சதுக்கத்திலிருந்து இங்கே மாற்றப்பட்டது. ஜூலையில் செர்ரியும் பெர்ரிகளும் குவிந்திருக்கும். ஒரு கிலோ வாங்கி, நடுவிலுள்ள பீர் தோட்டத்தின் வெற்று மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். வெள்ளை அஸ்பாரகஸை யாராவது புகழ்ந்திருந்தால் மறந்துவிடுங்கள், அதன் பருவம் ஜூன் 24-ஓடு முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையும் சூப்பர்மார்க்கெட்டும் இல்லை. சில பேக்கரிகளும் பெரிய ரயில் நிலையக் கடைகளும்தான் திறந்திருக்கும். மற்ற நாள்களிலும் இரவு எட்டு மணிக்குக் கதவடைப்பு. தயிரைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். குடிநீர் பாட்டில் வாங்க வேண்டாம், குழாயில் வருவது ஆல்ப்ஸ் அடிவாரத்து நீர்.

ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் நியூரம்பெர்க் போய்வாருங்கள். பயர்ன் டிக்கெட் எனும் பவேரிய நாள் சீட்டு எடுத்தால் வட்டார ரயில்களில் ஐந்து பேர் வரை ஒரே பயணச்சீட்டில் போகலாம், வேலை நாள்களில் காலை 9 மணிக்குமேல்தான் செல்லும். அந்த ஊர்த் தொத்திறைச்சி விரல் நீளம், 7 முதல் 9 சென்டிமீட்டர். மார்ஜோரம் என்ற மூலிகை மணக்கும், பன்றி இறைச்சி. கடைவீதியில் மூன்றை ஒரு பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். உட்கார்ந்தால் ஆறு, எட்டு, பத்து என்று கணக்கு.

பணம் கொடுக்கும்போது மேசையில் சில்லறையை வைத்துவிட்டு எழுந்து வருவது இங்கு வழக்கமில்லை. 46 யூரோ என்று பரிமாறுபவர் சொன்னால் "50" என்று சொல்லி நோட்டை நீட்டுங்கள், மிச்சம் அவருக்கு. அட்டை வாங்காத விடுதிகள் இன்னும் இருக்கின்றன. மேசையில் கூடை நிறையப் பிரெட்சன் இருந்தால் அது இலவசமில்லை. எழும்போது எத்தனை எடுத்தீர்கள் என்று கேட்பார்கள், பிள்ளைகள் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.