ஷவர் சுவருக்கு எந்தப் பலகை?

கேள்வி: மரச்சட்டம் அடித்துக் குளியலறை பிரிக்கிறோம். பச்சை ஜிப்சம் போர்டே போதும் என்கிறார் வேலை செய்யும் பாஸ் (மேஸ்திரி). அதன்மேல் டைல்ஸ் ஒட்டலாமா? – வாசகி, ஹட்டன்

பதில்: ஷவர் பக்கம் வேண்டாம். பச்சைப் போர்ட் ஈரக்காற்றைத் தாங்கும். நாள்தோறும் விழும் தண்ணீரைத் தாங்காது. டைல்ஸ் இடுக்கு வழியே நீர் கசிந்தால் உள்ளிருக்கும் ஜிப்சம் இளகி, டைல்ஸ் கழன்று வரும். மழையும் பனிமூட்டமும் விடாத உங்கள் பக்கத்தில் நனைந்த சுவர் காய நாளாகும், பூஞ்சையும் சும்மா இருக்காது. அந்தப் போர்டை உட்கூரைக்கும் (சீலிங்) நீர் தெறிக்காத சுவருக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷவர் சுவருக்குச் சீமெந்துப் பலகைதான் சரி. டைல்ஸ் தாங்க 12 மி.மீ. தடிப்பு நல்லது. சட்டங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 16 அங்குலம், ஆணிக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத ஸ்குரூ, 8 அங்குலத்துக்கு ஒன்று. பலகையின் அடி விளிம்பு தரையைத் தொடவே கூடாது. கால் அங்குலம் விட்டு சிலிக்கன் அடையுங்கள். தொட்டால் திரிபோல நீரை மேலே இழுக்கும்.

பலர் தவறுவது இங்கேதான்: சீமெந்துப் பலகை நனைந்தால் கெடாது, ஆனால் நீரை உள்ளே விடும். பின்னாலுள்ள மரம் உக்கிவிடும். எனவே இணைப்புகளில் வலை நாடா ஒட்டி, டைல்ஸ் பசை பூசி, காய்ந்தபின் நீர்த்தடுப்புப் பூச்சை 6 அடி உயரம்வரை இரண்டு முறை அடியுங்கள். மூலைகளையும் குழாய்த் துளைகளையும் விடாதீர்கள்.

பழைய அஸ்பெஸ்டஸ் தகடு கிடந்தால் அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.