வாடகையை நிறுத்தி அட்வான்ஸில் கழிக்கலாமா?

சென்னை பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் கடிதத்தின் சுருக்கம் இது: “மாடிப் போர்ஷனில் மூன்று வருடமாக இருக்கிறோம். வாடகை 14,000. அட்வான்ஸ் ஒரு லட்சம். பதினொரு மாத அக்ரிமென்ட் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, புதுப்பிக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து 17,000 வேண்டும் என்கிறார் ஹவுஸ் ஓனர். படுக்கையறைச் சுவர் முழுக்க ஓதம். மேலே போகும் குழாய் கசிகிறது, சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. கேட்டால் ‘இஷ்டம் இருந்தால் இருங்கள்’ என்கிறார், மோட்டாரைப் போடாமல் தண்ணீரை நிறுத்திவிடுவேன் என்று ஒருமுறை மிரட்டவும் செய்தார். வாடகை தருவதை நிறுத்திவிட்டு, அட்வான்ஸ் கழியும்வரை இருந்துவிட்டுக் காலி செய்யலாமா?”

வேண்டாம். மற்ற எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: வாடகையை நிறுத்தாதீர்கள்.

அட்வான்ஸ் திரும்ப வராது என்ற பயத்தில் சென்னையில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் சட்டத்தின் கணக்கில் அட்வான்ஸ் வேறு, வாடகை வேறு. இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, ஓனர் நோட்டீஸ் அனுப்பி, அதன்பிறகு ஒரு மாதத்துக்குள் நீங்கள் கட்டாவிட்டால், உங்களைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட அவருக்கு அதுவே போதுமான காரணம். அதுவரை நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்திருக்கும். ஓதம் பிடித்த சுவரை விட்டுவிட்டு வழக்கு உங்கள் பாக்கியைப் பற்றியதாகிவிடும். கழிக்க வேண்டும் என்றால், எந்த மாதத்திலிருந்து என்று ஓனர் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு மட்டும் கழியுங்கள்.

இப்போது உங்களுக்குக் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. அதன் இடத்தில், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகர்ப்புறங்களுக்கு இதுதான். பழைய சட்டத்தில் ‘நியாய வாடகை’ என்று ஒன்று உண்டு, நீதிமன்றம் கணக்குப் போட்டுச் சொல்லும். புதிய சட்டத்தில் வாடகை என்பது நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்ட தொகை, அவ்வளவுதான். இவ்வளவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற உச்சவரம்பு கிடையாது. வாடகை எகிறிக்கொண்டிருக்கும் ஊரில் இது கசப்பான செய்திதான். இல்லாத பாதுகாப்பை நம்பி நீங்கள் இறங்கக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்காக, அவர் நினைத்த மாதத்தில் நினைத்த தொகையைப் போட்டுவிடவும் முடியாது. வாடகை உயர்வு ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். ஒப்பந்தக் காலம் முடிந்தும் நீங்கள் அதே வீட்டில் இருந்தால், அதே நிபந்தனைகளில் மாதாமாதம் நீடிப்பதாகச் சட்டம் கருதுகிறது, அதிகபட்சம் ஆறு மாதம்வரை. உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது, மிச்சம் நான்கு. ஆறு மாதம் தாண்டினால், இருவருக்கும் இடையே எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாக வைத்து அவர் வாடகை நீதிமன்றம் போகலாம். ஆகவே இந்த நான்கு மாதத்தைப் பேரம் பேசக் கிடைத்த அவகாசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பேரத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நீங்கள் 15,000 தருகிறேன் என்கிறீர்கள், அவர் 17,000 கேட்கிறார் என்று வையுங்கள். வருடத்துக்கு 24,000 வித்தியாசம். நீங்கள் போய் வீடு ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலும் அவருக்கு 17,000 போச்சு. புதிதாக வருபவருக்குக் காட்ட அந்த ஓதச் சுவரைச் சரிசெய்து பெயிண்ட் அடிக்கும் செலவு தனி. இதை அவர் மனைவியோ மகனோ இருக்கும்போது பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில், தனியாக இருக்கும்போது வீம்பு பிடிக்கும் ஓனர்கள், வீட்டில் கணக்குப் பார்க்கும் ஆள் பக்கத்தில் இருந்தால் இறங்கி வருகிறார்கள். உங்களுக்கும் காலி செய்வது சும்மா இல்லை. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, வண்டிக் கூலி, புது வீட்டு அட்வான்ஸ், பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூட தூரம். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு உங்கள் கடைசித் தொகையை முடிவு செய்யுங்கள்.

சரி, சுவருக்கு வருவோம். யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள், வெள்ளையடிப்பது, குழாய்களை மாற்றுவது, மின் வயரிங் எல்லாம் ஓனர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கதவுப் பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி மாதிரியான சில்லறை வேலைகள் உங்களுடையவை. சுவருக்குள் ஓடும் குழாய் கசிவது சந்தேகமில்லாமல் அவர் பொறுப்பு.

அவர் செய்யாவிட்டால், நீங்களே செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். முன்னால் வாடகையை நிறுத்தாதே என்றாயே, இப்போது கழிக்கச் சொல்கிறாயே என்று கேட்பீர்கள். இது வேறு. இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஒரு வரம்பும் இருக்கிறது. எந்த ஒரு மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. பிளம்பர் 9,000 கேட்கிறார் என்றால், உங்கள் வாடகைக்கு ஒரு மாதம் 7,000, அடுத்த மாதம் 2,000. எழுத்தில் கேட்டு, அவர் செய்யாமல் விட்ட பிறகுதான் இதில் இறங்க வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் படம், பிளம்பரின் கையெழுத்திட்ட பில், இரண்டும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கழிக்காதீர்கள்.

படம் எடுப்பதில் ஒரு சின்ன விஷயம். பலர் சுவருக்கு முகத்தை ஒட்டிப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பார்த்தால் கறுப்பும் பச்சையுமாக ஏதோ தெரியும், எந்த வீட்டுச் சுவர் என்றே தெரியாது. பீரோவை நகர்த்திவிட்டு, அறை முழுவதும் தெரிகிறமாதிரி ஒன்று, அப்புறம் சுண்ணாம்பு பொரிந்து உதிரும் இடத்தை அன்றைய செய்தித்தாளோடு சேர்த்து ஒன்று எடுங்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் இன்னொரு முறை எடுங்கள். நம் ஊரில் ஓதத்தின் முழு உருவம் அப்போதுதான் வெளியே வரும்.

தண்ணீரை நிறுத்தும் மிரட்டலைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இருக்கிறது. வாடகைத் தகராறு என்ன இருந்தாலும் தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு போன்ற அத்தியாவசிய வசதிகளை ஓனர் தானாகவோ ஆள் வைத்தோ நிறுத்த முடியாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்து, உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஒருவரைத்தான் இந்தப் பொறுப்பில் போட்டிருக்கிறார்கள். உங்கள் பகுதிக்கு யார் என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஒருவேளை நீங்கள் வெளியூர் போயிருக்கும்போது அவர் பூட்டை மாற்றிவிட்டால், அது அத்துமீறல். உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பக் கேட்கலாம்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை நெருடிய இடம். பதினொரு மாத அக்ரிமென்ட் என்றீர்கள், பதிவு செய்ததாகச் சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுத் துறையில் பதிய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த குறுக்கு வழிதான் இந்தப் பதினொரு மாதம். புதிய சட்டத்தில் அந்தக் குறுக்கு வழி செல்லாது. எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே செய்யலாம். பதிந்தால் ஒரு வாடகைப் பதிவு எண் கிடைக்கும். பதியாத பத்திரத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் மேலே சொன்ன உரிமைகளைக் கேட்டுப் போகும்போது முதல் படியிலேயே இடறும். ஆகவே 15,000-க்கோ 16,000-க்கோ பேசி முடித்தால், கையோடு புது ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். ஓனர் வரமாட்டேன் என்றால் நீங்கள் தனியாகவும் விவரங்களைத் தாக்கல் செய்ய வழி இருக்கிறது.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, அட்வான்ஸ். சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது, ஆனால் ‘வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்று ஒரு வாலையும் ஒட்டி வைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் வாங்கும் சென்னை வழக்கம் அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறது. உங்கள் 14,000-க்கு மூன்று மாதம் 42,000. நீங்கள் கொடுத்திருப்பது ஒரு லட்சம். வாடகையை ஏற்றச் சம்மதிக்கும்போதே, மிச்சத்தில் ஒரு பகுதியையாவது திருப்பிக் கேளுங்கள். இரண்டாவது, ‘காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடித்தம்’ என்ற வரி. நாள்பட்ட புழக்கத்தால் சுவர் மங்குவது உங்கள் குற்றம் அல்ல. ஆனால் அந்த வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வாதாடுவது கடினம். காலி செய்யும் நாளில் ஆணி ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணிய ஒரு ஓனரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பதினேழு ஓட்டை. அதில் பாதி, முன்பு இருந்தவர்கள் அடித்தது. குடிபோன நாளில் எடுத்த படம் இருந்ததால் தப்பித்தார்கள்.

காலி செய்வதுதான் முடிவு என்றால், சாவி கொடுத்த தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி ஏதும் இருந்தால் அதைக் கழித்து, அட்வான்ஸை அவர் திருப்பித் தர வேண்டும். மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து, சாவி பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகையை இனி வங்கிக் கணக்கு வழியாக மட்டும் அனுப்புங்கள், வங்கிப் பதிவே ரசீது. வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்பிப் பாருங்கள். அதையும் தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டிவிடலாம். இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடியது, ஓனருக்கு வாட்ஸ்அப்பில் இதை அனுப்பி, இதே வாசகத்தை ஸ்பீட் போஸ்ட்டிலும் போடுவது:

“ஐயா, படுக்கையறைச் சுவரில் மேல் குழாயின் கசிவால் ஓதம் ஏறியிருப்பதைப் பலமுறை நேரில் தெரிவித்தேன். படங்கள் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் சரிசெய்து தரவும். இல்லையெனில் நானே சரிசெய்து, சட்டப்படி செலவை வாடகையில் கழிக்க நேரிடும். இம்மாத வாடகை ரூ.14,000 இன்று உங்கள் கணக்கில் செலுத்தியுள்ளேன். புதிய வாடகை பற்றி நேரில் பேசி, ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யத் தயாராக இருக்கிறேன்.”

கடைசி இரண்டு வாக்கியங்களை மறக்காமல் சேர்க்கவும். கோபத்தில் பலர் முதலில் வெட்டுவது அந்த இரண்டைத்தான்.