குறைமாதக் குழந்தையின் மூச்சு: எந்த நிர்ணயம் சரி?

தங்கச்சி, 30 கிழமைக் கர்ப்பத்தில் பிறந்த குழந்தை, மூச்சு நிமிடத்துக்கு 72, நெஞ்சு உள்வாங்குகிறது, ஒட்சிசன் கொடுத்தும் இரத்தத்தில் ஒட்சிசன் செறிவு 86 சதவீதம். தாதியர் பராமரிப்புத் திட்டத்தில் இதற்கு நிர்ணயமாக 'பயனற்ற மூச்சு முறை' என்று மட்டும் எழுதியதால் புள்ளி வெட்டினார்கள் என்கிறீர்கள். நீங்கள் எழுதியது பிழையில்லை, பாதிதான். வேகமும் உள்வாங்கலும் மூச்சு முறையைக் காட்டுகின்றன. ஆனால் செறிவு குறைவது வாயுப் பரிமாற்றம், அதாவது நுரையீரலில் ஒட்சிசன் இரத்தத்துக்குள் போய்க் காபனீரொட்சைட்டு வெளியேறுவது, கெட்டதற்கு அடையாளம். காற்றறைகளைச் சுருங்காமல் விரித்து வைக்கும் சர்பக்டன்ட் என்ற பொருள் போதாமல் அவை சுருங்குவதால் வருவது அது. அதை முதலாவதாக எழுதி, மற்றதை அடுத்ததாக வையுங்கள்.

யாழ்ப்பாணத்து அம்மாமார் எல்லாவற்றையும் 'பிள்ளைக்கு இழுக்குது' என்று ஒரே சொல்லில் முடிப்பார்கள். நாங்கள் அப்படி முடிக்க முடியாது.

அப்புறம், மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் கெட்ட பழக்கம் எனக்கும் இருந்தது. இந்தக் குழந்தைகள் 5 முதல் 10 விநாடி நிறுத்தி நிறுத்தி மூச்சு விடுவார்கள், கணக்கு பிழைத்துவிடும். நிறுத்தம் 20 விநாடியைத் தாண்டினாலோ, குறைவாக இருந்தும் இதயத்துடிப்போ செறிவோ இறங்கினாலோ அது மூச்சுத்தடை. எழுதுவது பிறகு, முதலில் டொக்டரைக் கூப்பிடுங்கள்.