கழற்றிய டயல் எங்கே?

என் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாய். இந்தோசீனாவிலிருந்து திரும்பும்போது வாங்கிவந்த ஒமேகா வாட்ச் இப்போது என்னிடம். ஓடவில்லை என்று சர்வீஸுக்குக் கொடுத்தேன். டயல் பளபளவென்று புதிதாக மாறி வந்திருக்கிறது. கேட்டால் "ஒரிஜினல் பார்ட்தான் சார்" என்கிறார் கடைக்காரர். எப்படித் தெரிந்துகொள்வது? (லாஸ்பேட்டை)

படிக்கும்போதே வயிறு எரிந்தது. உங்கள் மேல் தப்பில்லை. ஓடாத வாட்சை ஓடவைக்கத்தானே கொடுத்தீர்கள், அழகுபடுத்தச் சொல்லவில்லையே.

"ஒரிஜினல்" என்று ஒருவர் சொன்னால் அது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். ஒன்று, வாட்சோடு பிறந்த பாகம். இரண்டு, அதே கம்பெனி பிற்பாடு சர்வீஸுக்கென்று செய்த பாகம். அது போலி இல்லை, ஆனால் தாத்தா கையில் கட்டியிருந்ததும் இல்லை. மூன்று, யாரோ எங்கோ செய்து கம்பெனி பெயரை அச்சடித்தது, அல்லது பழைய டயலையே சுரண்டி மேலே பெயிண்ட் அடித்தது. நம் ஊரில் முக்கால்வாசி இந்த மூன்றாவதுதான், அதையும் கூசாமல் ஒரிஜினல் என்பார்கள்.

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், பெரிய விலை இல்லை. முதலில் 6 மணிக்குக் கீழே பாருங்கள். அங்கே பெரும்பாலும் ஸ்விஸ் மேட் அல்லது ஸ்விஸ் என்ற பொடி எழுத்து இருக்கும்; மறு பெயிண்ட் அடிப்பவர்கள் பல சமயம் அதை விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் கோணலாகப் போடுவார்கள். அடுத்து நிமிஷக் கோடுகள். ஒவ்வொரு ஐந்தாவது கோடும் மணிக்குச்சியின் நட்ட நடுவில் நிற்கவேண்டும். அப்புறம் எழுத்தின் ஓரம். பழைய டயலில் கத்தியால் வெட்டின மாதிரி இருக்கும். மறு பெயிண்டில் மை ஊறின ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி தடித்திருக்கும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கழற்றின பழைய டயலை ஏன் திருப்பி வாங்கவில்லை? மெக்கானிக்கிடம் தேய்ந்துபோன பிரேக் ஷூவைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்கிற ஆள், வாட்ச் கடையில் வாயே திறப்பதில்லை. பழைய வாட்சின் மதிப்பில் பெரும்பங்கு டயலில்தான் இருக்கிறது. பழுப்பேறி, ஓரத்தில் புள்ளி விழுந்து, பார்க்க அசிங்கமாக இருக்கிற அந்தத் தகடுதான் சொத்து. சில கடைகளில் அதைக் கழற்றி, தனியே சேகரிப்பாளருக்கு விற்றுவிட்டு, உங்களுக்குப் பளபளப்பை மாட்டி, அதற்குக் கூலியும் வாங்குகிறார்கள். நான் பல வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொடுக்கும்போதே ரசீதில் எழுதச்சொல்லுங்கள்: கேட்காமல் எதையும் மாற்றக்கூடாது, மாற்றினால் பழையதைத் திருப்பித் தரவேண்டும். எழுத மறுக்கும் கடையில் வாட்சைக் கொடுக்காதீர்கள். நாளைக் காலையே போய்ப் பழைய டயலைக் கேளுங்கள். குப்பையில் போட்டேன் என்றால் நம்பாதீர்கள்.

டயல் பழுப்பாகிவிட்டது. பெயிண்ட் அடிக்கலாமா? (பண்ருட்டி)

மேலே இருப்பதைப் படித்துவிட்டுமா கேட்கிறீர்கள்? வேண்டாம்.

1970களின் ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் ஒன்று விலைக்கு வருகிறது. கண்ணாடியில் 6 மணி இடத்தில் லேசர் கிரீடம் (லேசரால் பொறித்த குட்டி ரோலெக்ஸ் சின்னம்) தெரிகிறது, அதனால் எல்லாமே ஒரிஜினல் என்கிறார் விற்பவர். (நெல்லிக்குப்பம்)

அந்தக் கிரீடமே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. 1970களின் டேட்ஜஸ்டுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி, அதாவது அக்ரிலிக். லேசர் கிரீடம் வந்தது 2000க்குப் பிறகு, அதுவும் சஃபையர் என்ற கெட்டிக் கண்ணாடியில். ஒன்று கண்ணாடி போலி, இல்லையென்றால் வாட்சே போலி. அப்படியும் ஆசை விடவில்லையென்றால் செயினைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் காலத்து வாட்சில் செயின் மாட்டும் காதுகளுக்கு நடுவே 12 மணிப் பக்கம் மாடல் எண்ணும், 6 மணிப் பக்கம் சீரியல் எண்ணும் வெட்டியிருக்கும். கழற்ற மாட்டேன் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அப்பாவின் 1950களின் ரோலெக்ஸ். சாவி கொடுக்கும் கீயில் கிரீடத்துக்குக் கீழே மூன்று புள்ளி இருக்கிறது. சரிதானா? (திருப்பாதிரிப்புலியூர்)

மூன்று புள்ளி என்றால் டிரிப்லாக், அதாவது மூன்று அடுக்காகத் தண்ணீரைத் தடுக்கும் கீ. அது வந்தது 1970இல். யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்து ஒருவரிடம் பழைய ஒமேகா வாங்கினேன். 1,40,000 ரூபாய், ஜிபேயில் அனுப்பினேன். பில் இல்லை. பின்மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஏதோ வெள்ளை மெஷின், ஒமேகா பெயரே இல்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? (நெய்வேலி)

தம்பி, கத்தரிக்காய் வாங்கினால்கூடக் காம்பைத் திருப்பிப் பார்ப்போம். கிட்டத்தட்ட ஒன்றரை லட்சத்துக்கு மெஷினின் ஒரு படம்கூடவா கேட்கத் தோன்றவில்லை? 1950, 60களின் ஒமேகா மெஷின் செம்பு நிற முலாமில் இருக்கும். அதன்மேல் கம்பெனிச் சின்னம், காலிபர் (மெஷின் மாடல்) எண், சீரியல் எண் மூன்றும் பொறித்திருக்கும். மூடியின் உள்பக்கம் கேஸ் (வாட்சின் வெளிக்கூடு) எண். அந்தக் கேஸில் அந்தக் காலிபர்தான் வந்ததா என்று பணம் அனுப்புவதற்கு முன் பத்து நிமிஷம் தேடியிருந்தால் போதும்.

சரி, திட்டியாயிற்று. விற்றவர் இதையே தொழிலாகச் செய்பவர் என்றால் போகலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் கொடுக்கவேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். அவர் வீட்டில் கிடந்த ஒரு வாட்சை விற்ற தனி ஆள் என்றால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது, மோசடி என்று போலீஸில்தான் சொல்லவேண்டும். அந்த ஸ்டேட்டஸ் படத்தையும் அவர் "ஒரிஜினல்" என்று எழுதின மெசேஜையும் அழிக்காதீர்கள், உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

மெயின்ஸ்பிரிங்கும் வாஷரும் வெளிக்கம்பெனி சரக்கு போட்டார்களாம். மதிப்பு போய்விடுமா? (முதலியார்பேட்டை)

போகாது. அவை தேய்கிற சாமான், தேய்ந்தால் மாற்றித்தான் ஆகவேண்டும். டயல், முள், கீ, கேஸ், இந்த நான்குக்கு மட்டும் கவலைப்படுங்கள்.

ஊருக்கு இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் ஏமாந்ததே இல்லையா? (கடலூர் ஓ.டி.)

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட், 2011. தரையில் விரித்த தார்ப்பாயில் பழைய சார்ஜர்களுக்கும் பூட்டுகளுக்கும் நடுவே ஒரு வாட்ச். டயலின் அடியில் ஸ்விஸ் என்ற எழுத்துக்கு இருபுறமும் ஆங்கில 'T'. இருட்டில் ஒளிர ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் பூசினது என்று அர்த்தம், எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அன்றைக்கு அதுதான். 9,000 கொடுத்தேன். ராத்திரி விளக்கை அணைத்ததும் முள் இரண்டும் பச்சையாக ஜொலித்தன, வீட்டம்மாவை எழுப்பிக் காட்டினேன். ட்ரிட்டியம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பாதியாகிவிடும். 1970 வாக்கில் பூசினது நாற்பது வருஷம் கழித்து அப்படி ஜொலிக்க வழியே இல்லை. டயலில் இருந்த புள்ளிகள் இருட்டாகவே கிடந்தன, முள் மட்டும் போன மாதம் செய்தது. வீட்டம்மா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

தாத்தா வாட்ச் முள்ளில் இருக்கும் பழைய ரேடியத்தை பிளேடால் சுரண்டி எடுக்கலாமா? (அரியாங்குப்பம்)

தொடாதீர்கள். ஒளி செத்திருக்கும், ரேடியம் சாகாது; அது கதிரியக்கப் பொருள், பாதியாகவே 1,600 வருஷம் ஆகும். அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. மூடியைத் திறக்காமல் அப்படியே வையுங்கள்.