யுரேனியத்தின் எல்3 விளிம்பில் ஐந்து தெரியவில்லையா? எம்4-க்குப் போங்கள்

யுரேனியம் ஆக்சைடு தூளை எக்ஸ் கதிர் உறிஞ்சலின் எல்3 விளிம்பில் (உள்ளே இருக்கும் 2பி எலக்ட்ரானைக் கதிர் கிளப்பத் தொடங்கும் ஆற்றலில்) அளந்தும், ஆக்சிஜனேற்ற எண் நான்கும் ஆறும் உள்ள யுரேனியம் கலந்திருக்கிறதா, நடுவில் ஐந்து இருக்கிறதா என்று பிரிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மாதிரியைச் சந்தேகப்பட வேண்டாம், அந்த விளிம்பே அப்படித்தான். 17.17 கிலோ இவி-யில் (இவி என்பது எலக்ட்ரான்வோல்ட், ஆற்றல் அலகு) 2பி எலக்ட்ரான் 6டி நிலைக்குத்தான் ஏறுகிறது, ஆக்சிஜனேற்ற எண்ணுக்கேற்ப நிரம்பும் 5எஃப் நிலையை நேராகத் தொடுவதில்லை. போதாக்குறைக்கு உள்கூட்டுத் துளையின் (அந்த எலக்ட்ரான் விட்டுச் சென்ற காலியிடத்தின்) ஆயுள் மிகக் குறைவு என்பதால் கோடு 7, 8 இவி அகலத்துக்குப் பரவிவிடும். ஆக்சிஜனேற்ற எண் மாறும்போது நீங்கள் தேடும் கோட்டின் நகர்வோ ஓரிரு இவி.

எம்4 விளிம்பில் (சுமார் 3.73 கிலோ இவி) 3டி எலக்ட்ரான் நேரே 5எஃப்-க்கு வருகிறது. ஆனால் சாதாரண உறிஞ்சல் அளவீடு இங்கேயும் மங்கல்தான். 3டி துளை நிரம்பும்போது வெளிவரும் 3.34 கிலோ இவி எம்-பீட்டா உமிழ்வைப் படிக நிறமாலைமானியால் குறுக்கி எடுத்து, அதன் செறிவை அளந்தபடியே விழும் கதிரின் ஆற்றலை விளிம்பின் ஊடே நகர்த்துங்கள். வளைந்த சிலிக்கன் 220 படிகம், பிராக் கோணம் (படிகம் அந்த ஆற்றலைப் பிரித்துத் திருப்பும் கோணம்) சுமார் 75 பாகை. இப்படி அளந்தபோதுதான் யு3ஓ8 என்ற யுரேனியம் ஆக்சைடில் இருப்பது ஐந்தும் ஆறும், நான்கு அல்ல என்பது பளிச்சென்று தெரிந்தது.

இந்த ஆற்றலில் காற்றே கதிரை விழுங்கிவிடும், பாதை முழுக்க ஹீலியம் வேண்டும். அப்புறம், தூள் அடர்த்தியாக இருந்தால் சுய உறிஞ்சல் (மாதிரியே கதிரை அதிகம் விழுங்குவது) முகட்டைத் தட்டையாக்கும். உயரத்தை நம்பி விகிதம் போடாதீர்கள்.

5எஃப்-க்குள்ளேயே நடக்கும் கிளர்வுகள் வேண்டுமென்றால் அது வேறு கதை: 100 இவி அருகே, 5டி விளிம்பில் ஒத்ததிர்வுச் சிதறல் (சிதறும் கதிர் இழக்கும் ஆற்றலை அளக்கும் முறை).