விரால் நிற்கிறது, கட்லா சாகிறது: ஏன்?

கேள்வி: சுத்தமல்லி பக்கம் ஊர்க்குளத்தை மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். பிசான நெல் அறுப்பு முடிந்து தண்ணீர் வற்றி வருகிறது. நான்கு நாளாக விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. சில செத்தும் மிதக்கின்றன. விராலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இது நோயா? என்ன மருந்து போடலாம்?

பதில்: அண்ணாச்சி, மருந்து வாங்க ஓடாதீர்கள். விடியற்காலையில் மட்டும் திணறினால் அது பெரும்பாலும் பிராணவாயுக் குறைவுதான். விரால் நன்றாக இருப்பதை வைத்துத் தண்ணீரும் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். விராலுக்குச் செவுளுக்கு மேலே, தலைக்குள், காற்றைப் பிடித்து வைக்கும் அறை உண்டு. ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கொடிப்பாசிக்கு நடுவே சேற்றை ஒட்டிப் போய் நின்றுகொள்ளும். மேலே வர விடாமல் வலையில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிடும்.

கட்லா அப்படியில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை நம்பித்தான் இருக்கிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நன்றாக வளரும். 3க்குக் கீழே போனால் திணறும். பகலில் பிராணவாயு தரும் பச்சைப்பாசியே ராத்திரியில் அதைக் குடித்துவிடும். வெயிலில் சூடான, வற்றிய தண்ணீரில் அது ஏற்கெனவே குறைவு. சாணம் கொட்டினாலோ, வாறுகால் (சாக்கடை) தண்ணீர் வந்து சேர்ந்தாலோ இன்னும் மோசம்.

கையை மெதுவாக முக்கிப் பாருங்கள். முழங்கை நனையும் முன்பே, ஒரு சாண் ஆழத்திலேயே உள்ளங்கை மறைந்தால் தண்ணீர் ரொம்பக் கெட்டி. பச்சையாக இருந்தால் பாசி. செம்மண் கரைத்தது போல இருந்தால், சாதா கெண்டை விட்டிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். அது மூக்கால் சேற்றைக் கிளறியே இரை தேடும். கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் இறங்காது; பகலில்கூடப் பாசியால் பிராணவாயு தர முடியாது.

இன்றைக்கே தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். ராத்திரி 3 மணியிலிருந்து பொழுது விடியும்வரை மோட்டார் போட்டுக் குளத்துத் தண்ணீரையே உயரத் தூக்கிச் சிதறி விழ விடுங்கள். விலைக்குப் போகிற மீனை இந்த வாரமே பிடித்துவிடுங்கள். கூட்டம் குறைந்தாலே பாதி பிரச்சினை தீரும். பழக்கதோஷத்தில் சுண்ணாம்பை மட்டும் வீசிவிடாதீர்கள். பாசி கெட்டியான குளத்தில் சாயங்காலம் காரத்தன்மை தானே ஏறியிருக்கும். சுண்ணாம்பும் சேர்ந்தால், மீன் கழிவால் தண்ணீரில் சேர்ந்திருக்கும் அம்மோனியா விஷமாகும். தண்ணீரைப் பரிசோதித்த பிறகு போடலாம்.

அப்புறம், மழைக்குப் பிறகு புதுக் குஞ்சு விடும் முன் விராலை வலை போட்டு எடுத்துவிடுங்கள். விரல் நீளக் கட்லாக் குஞ்சை அது விட்டுவைக்காது.