கிட் வேண்டாம், முதலில் அரவையைக் கவனியுங்கள்

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் ஆரம்பநிலை எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் ஒன்றை வாங்கினோம். தூள் போடும் துளைக் கிண்ணமான பாஸ்கெட்டின் அளவு 51 மி.மீ. பெட்டியின் மேல் அழுத்தம் 15 பார் என்று அச்சிட்டிருக்கிறது. அரைத்து விற்கப்படும் தூளைத்தான் பயன்படுத்துகிறோம். காலையில் எடுக்கும் முதல் கோப்பை புளிக்கிறது. பாலை நுரைக்க வைத்துவிட்டு அடுத்து எடுக்கும் கோப்பை தீய்ந்ததுபோல் கசக்கிறது. விற்பனையாளரிடம் கேட்டபோது, அடிப்புறம் திறந்த போர்ட்டாஃபில்டர் (பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடி), தூளை அழுத்தும் ஸ்பிரிங் டேம்பர், தூளைச் சமன்செய்யும் வட்டு, ஊசிக் கிளறி, தூளின் மேல் வைக்கும் வலைத்தட்டு, சக்கை தட்டும் பெட்டி எல்லாம் அடங்கிய ஒரு கிட்டைப் பரிந்துரைக்கிறார். அதன் விலை இயந்திரத்தின் விலையில் பாதிக்கும் மேல். வாங்கலாமா? அல்லது இயந்திரத்தையே மாற்றிவிடலாமா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். தங்கள் குறையின் பெரும்பகுதிக்கான காரணம் தாங்கள் எழுதிய வரிகளிலேயே இருக்கிறது. முதல் கோப்பை புளிக்கிறது, பால் நுரைத்த பிறகு வரும் கோப்பை கசக்கிறது என்றால் அது வெப்பநிலைச் சிக்கல். அந்த கிட்டில் இருக்கும் ஒரு பொருளும் அதைத் தீர்க்காது. தீர்ப்பதற்குச் செலவும் கிடையாது.

இந்த விலையில் வரும் இயந்திரங்களில் காப்பிக்கும் நீராவிக்கும் ஒரே சூடேற்றிதான். காப்பி வடிய ஏறத்தாழ 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீர் வேண்டும். நீராவிக்கோ 100 டிகிரிக்கு மிகவும் மேலே போக வேண்டும். பொத்தானைப் போட்டவுடன் ஒரு நிமிடத்துக்குள் விளக்கு நிலையாக எரியத் தொடங்குகிறதே, அது சூடேற்றி தயார் என்பதைத்தான் சொல்கிறது. போர்ட்டாஃபில்டரும் அது பொருந்தும் உலோகத் தலைப்பகுதியும் அப்போது குளிர்ந்துதான் கிடக்கின்றன. அவை நீரின் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் முதல் கோப்பை சரியாக வடியாமல் புளிக்கிறது. எனவே தூள் போடாத பாஸ்கெட்டுடன் போர்ட்டாஃபில்டரைப் பொருத்தி, ஒரு கோப்பை வெந்நீரை அதன் வழியே ஓடவிட்டு, பாஸ்கெட்டைத் துணியால் நன்றாகத் துடைத்த பிறகு தூளைப் போடுங்கள். இரண்டாவது சிக்கலுக்கு வழி இன்னும் எளிது: வேண்டிய காப்பி முழுவதையும் முதலில் எடுத்துவிட்டுப் பாலைக் கடைசியில் நுரைக்க வையுங்கள். வரிசையை மாற்ற முடியாத நாளில், பால் நுரைத்த பிறகு நீரைத் திறந்துவிட்டு, சீறித் தெறிக்கும் ஆவி அடங்கி நீர் ஒரே சீராக ஒழுகும்வரை வீணாக ஓடவிட்ட பின்பே அடுத்த காப்பியை எடுங்கள்.

இதை ஒரு வாரம் செய்து பாருங்கள். கசப்பும் புளிப்பும் மாறி மாறி வருவது பெரும்பாலும் நின்றுவிடும். அதற்குப் பிறகும் காப்பி தட்டையாகவும் ஆழமில்லாமலும் தோன்றினால்தான் பணம் செலவழிப்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

இப்போது பாஸ்கெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உட்புறம் நூற்றுக்கணக்கான துளைகள் தெரிந்து, வெளிப்புற அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரே ஒரு துளை இருந்தால் அது இரட்டைச் சுவர் பாஸ்கெட். ஆரம்பநிலை இயந்திரங்களுடன் பெரும்பாலும் தரப்படுவது இதுதான். சாதாரண ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டில் நுண்ணிய தூள் படுகைதான் நீரைத் தடுத்து அழுத்தத்தை உண்டாக்குகிறது. இரட்டைச் சுவர் பாஸ்கெட்டில் அந்த வேலையை ஒற்றைத் துளை செய்துவிடுகிறது. அதனால் அரவை கொரகொரவென்று இருந்தாலும், தூள் பழையதாக இருந்தாலும், மேலே நுரை வந்துவிடும். அந்த நுரையைப் பார்த்து நல்ல எஸ்பிரெஸ்ஸோ என்று பலர் நம்பிவிடுகிறார்கள். காப்பிக்கொட்டையில் வறுக்கும்போது தங்கிய வாயுவும் எண்ணெயும் சேர்ந்து உண்டாக்கும் கிரெமா என்னும் மேல்நுரை வேறு, சிறு துளையின் வழியே பீய்ச்சியடித்து வரும் நுரை வேறு.

இவ்வளவு சொன்னதைக் கேட்டு, உடனே ஒற்றைச் சுவர் பாஸ்கெட் ஒன்றை வாங்கிவிடாதீர்கள். இந்த இடத்தில்தான் மிகப் பலர் ஏமாறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அரைத்து வாங்கும் தூளையே தொடர்ந்து பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், தங்கள் இயந்திரத்துடன் வந்த இரட்டைச் சுவர் பாஸ்கெட்தான் தங்களுக்கு ஏற்றது. பையின் மேல் எஸ்பிரெஸ்ஸோ அரவை என்று அச்சிட்டிருந்தாலும், அந்தத் தூள் பொதுவாக எல்லா வீட்டு இயந்திரங்களிலும் ஓட வேண்டும் என்பதற்காகச் சற்றுக் கொரகொரப்பாகவே அரைக்கப்படுகிறது. அதை ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டில் போட்டால் நீர் தங்காமல் சில விநாடிகளில் வெளிறிய நிறத்தில் கொட்டிவிடும். டேம்பரால் எவ்வளவு அழுத்தினாலும், எந்த வலைத்தட்டை வைத்தாலும், ஊசியால் எவ்வளவு கிளறினாலும் அது மாறாது. வீட்டில் அரைக்க நேரமில்லை, விருப்பமில்லை, காலையில் சத்தம் கூடாது, காப்பியில் பால் கலந்துதான் குடிக்கிறோம் என்ற நிலையில் இருப்பவர்கள் அந்த பாஸ்கெட்டையே வைத்துக்கொண்டு, சிறு பைகளாகத் தூளை வாங்கி, காற்றுப் புகாமல் மூடிவைத்து, விரைவில் தீர்த்துவிடுவதே சிறந்த வழி. அப்படிக் குடிப்பதில் எந்தக் குறைவும் இல்லை. தாங்களும் அந்த வகையினர் என்றால் கிட்டைப் பற்றிய கேள்வி இங்கேயே முடிந்துவிடுகிறது. அதில் இருக்கும் பெரும்பாலான பொருள்கள் ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டில் புதிதாக அரைத்த தூளைப் போடுபவர்களுக்கானவை. கேட்பவர் எந்தத் தூளைப் பயன்படுத்துகிறார் என்று ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல் கிட்டை நீட்டும் விற்பனையாளரின் பேச்சை நம்பாதீர்கள்.

வீட்டில் அரைக்கத் தயார் என்றால், முதல் செலவு கிரைண்டருக்குத்தான் போக வேண்டும். எனக்கு இதில் ஐயமே இல்லை. சுழலும் கத்தியுள்ள மிக்ஸி வகைக் கருவி கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறது. அதில் மாவும் இருக்கும், குறுணையும் இருக்கும். மாவிலிருந்து கசப்பும் குறுணையிலிருந்து புளிப்பும் ஒரே கோப்பைக்குள் இறங்கும். இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே கொட்டையை நசுக்கி அரைக்கும் பர் கிரைண்டரே வேண்டும். கையால் சுற்றும் கிரைண்டரானாலும் போதும். அதே விலையுள்ள மின் கிரைண்டரைவிட நல்ல கை கிரைண்டரின் அரவை பெரும்பாலும் சீராக இருக்கும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. எஸ்பிரெஸ்ஸோவுக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்யப்படும் பல கிரைண்டர்கள் நுண்மையாக அரைக்கும் என்பது உண்மை. ஆனால் அவற்றின் படிகள் ஒன்றுக்கொன்று வெகு தூரம். ஒரு படியில் காப்பி 15 விநாடியில் ஓடிவிடும், அடுத்த படியில் துளித் துளியாகச் சொட்டி அடைத்துக்கொள்ளும், நடுவே வேறு படியே இருக்காது. வாங்கும் முன் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எஸ்பிரெஸ்ஸோ அரவைப் பகுதியில் ஒரு படி நகர்த்தினால் வடியும் நேரம் எவ்வளவு மாறும்? இரண்டு மூன்று விநாடிதான் என்று பயன்படுத்தியவர்கள் சொன்னால் வாங்கலாம். இந்தத் தகவலைப் பெட்டியின் மேல் அச்சிடுவதற்கு நிறுவனங்களுக்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மின்மோட்டாரின் வாட் அளவைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். வாங்குபவருக்குத் தேவையான ஒற்றை எண்ணைப் போடுவதில்லை.

கிரைண்டருக்கு அடுத்தது 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு. விலை குறைவான இந்தப் பொருளை கிட் விற்பவர்கள் ஏனோ பெட்டியில் சேர்ப்பதே இல்லை. கரண்டி அளவு நாளுக்கு நாள் மாறும். தங்கள் 51 மி.மீ. இரட்டை அளவு பாஸ்கெட்டில் 14 கிராமில் தொடங்குங்கள். கோப்பையைத் தராசின் மேல் வைத்து 28 கிராம் இறங்கியதும் நிறுத்துங்கள். பம்பு ஓடத் தொடங்கியதிலிருந்து அதற்கு 25 முதல் 30 விநாடி ஆனால் அரவை சரி. அதற்கு முன்பே ஓடிவிட்டுப் புளித்தால் நுண்மையாக்குங்கள். இழுத்துக்கொண்டே போய்க் கசந்தால் சற்றுப் பரும்படியாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இயந்திரத்தின் இரட்டைக் கோப்பைப் பொத்தானுக்குத் தொழிற்சாலையில் வைத்திருக்கும் அளவு பெரும்பாலும் மிக அதிகம் என்பதால், அதை நம்பாமல் நீங்களே நிறுத்துவது நல்லது. பல இயந்திரங்களில் அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்து அளவை மாற்றியமைக்கவும் வழி உண்டு. இந்த நேரக் கணக்கு ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டுக்கு உரியது. அதைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். விலையும் அதிகமில்லை.

கிட்டில் இருப்பவற்றுள் டேம்பர் ஒன்றுதான் உண்மையில் வாங்கத் தக்கது. இயந்திரத்துடன் வரும் பிளாஸ்டிக் டேம்பர் பெரும்பாலும் பாஸ்கெட்டைவிடச் சிறியதாக இருப்பதால் ஓரத்துத் தூள் அழுந்தாமல் நிற்கும். நீர் அந்த ஓரத்தைத் தேடிப் பிடித்து ஓடிவிடும். உலோக டேம்பர், சரியான விட்டம், அவ்வளவுதான். இத்தனை கிலோ எடையில் அழுத்த வேண்டும் என்ற கணக்கெல்லாம் தேவையில்லை. தூள் இதற்குமேல் இறங்காது என்று கை உணரும்வரை, சாய்வில்லாமல் அழுத்தினால் போதும். சமன்செய்யும் வட்டு தூளின் மேற்பரப்பை மட்டும் வழவழப்பாக்குகிறது, உள்ளே இருக்கும் கட்டிகளைத் தொடுவதில்லை. அந்தக் கட்டிகளை ஊசியால் கிளறி உடைக்கும் முறையை 2005-இல் ஜான் வைஸ் என்பவர் விளக்கினார். அது பயனுள்ளது, ஆனால் 0.3 அல்லது 0.4 மி.மீ. தடிமனுள்ள நான்கைந்து ஊசிகளை ஒரு தக்கையில் செருகினாலே அந்தக் கருவி தயார். அடிப்புறம் திறந்த போர்ட்டாஃபில்டர் சுவையைக் கூட்டும் பொருள் அன்று. நீர் படுகையின் எந்த இடத்தைத் துளைத்துக்கொண்டு வருகிறது என்று காட்டுவதே அதன் வேலை. பாஸ்கெட்டின் அடியில் முழுவதும் கருமையாகத் துளிர்த்து நடுவில் ஒரே இழையாகக் கூடினால் படுகை சீராக இருக்கிறது. ஓரத்தில் ஓர் இடம் மட்டும் முன்னதாக வெளிறிப் பீய்ச்சினால் அங்கே தூள் தளர்ந்திருக்கிறது. கற்றுக்கொள்ள உதவும், ஆனால் அவசரமில்லை.

வலைத்தட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது பொதுவாக 1.7 மி.மீ. தடிமன் இருக்கும். சிறிய பாஸ்கெட்டில் அந்த இடம் கிடைப்பதே அரிது. தூளைப் போட்டு அழுத்திய பின், அதன் மேல் அதே தடிமனுள்ள ஒரு நாணயத்தை வைத்து, போர்ட்டாஃபில்டரை இயந்திரத்தில் பூட்டி, நீரை ஓடவிடாமல் கழற்றிப் பாருங்கள். நாணயத்தின் தடம் தூளில் பதிந்திருந்தால் வலைத்தட்டுக்கு இடமில்லை. மீறி வைத்துப் பலம் கொண்டு திருகினால் ரப்பர் வளையமும், இயந்திரத்தில் பூட்டிக்கொள்ளும் போர்ட்டாஃபில்டரின் காதுகளும்தான் தேயும்.

அளவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வீட்டு இயந்திரங்களில் 51, 54, 58 என்று பல அளவுகள் இருக்கின்றன. 54 என்று பெயர் பெற்ற இயந்திரத்துக்கு ஏறக்குறைய 53 மி.மீ. டேம்பர்தான் நுழைகிறது. 51 மி.மீ. போர்ட்டாஃபில்டர்களிலேயே இரண்டு காது உள்ளதும் மூன்று காது உள்ளதும் வெவ்வேறு, ஒன்று மற்றொன்றின் இடத்தில் பூட்டாது. எல்லா 51 மி.மீ. இயந்திரங்களுக்கும் பொருந்தும் என்று எழுதி விற்பவர் தவறான தகவலைத் தருகிறார். திருப்பி அனுப்பும் அலைச்சலோ வாங்கியவர் தலையில். கையேட்டில் ஒரே ஒரு வரியில் பாஸ்கெட்டின் உள்விட்டத்தையும் காதுகளின் எண்ணிக்கையையும் அச்சிட்டால் இந்தக் குழப்பம் முழுவதும் தீர்ந்துவிடும். பாதுகாப்பு எச்சரிக்கைகளைப் பல மொழிகளில் பக்கம் பக்கமாக அச்சிடும் நிறுவனங்கள் அந்த ஒரு வரியை மட்டும் தருவதில்லை. தாங்களே அளவுகோலை எடுத்து பாஸ்கெட்டின் உட்புறத்தை அளந்துவிடுங்கள்.

15 பார் என்ற எண்ணுக்கும் மயங்க வேண்டாம். நீர் ஓடாமல் அடைபட்டு நிற்கும்போது பம்பு தரக்கூடிய உச்ச அழுத்தம் அது. காப்பிப் படுகைக்கு வேண்டியது 9 பார் அளவுதான். 1961-இல் ஃபேமா நிறுவனம் பம்பு பொருத்தி வெளியிட்ட ஈ61 இயந்திரக் காலத்திலிருந்தே அந்த அளவு வழக்கில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் காட்டிப் பயமுறுத்தி, இயந்திரத்தைத் திறந்து அழுத்த வால்வைத் திருத்தித் தருகிறோம் என்று கிளம்பியிருப்பவர்களும் உண்டு. உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரத்தை அவர்களிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள். உள்ளே மின்சாரமும் கொதிநீரும் அருகருகே இருக்கின்றன. பின்னால் பழுது வந்தால் நிறுவனம் கைவிரித்துவிடும், திறந்தவரும் கண்ணில் படமாட்டார். அதேபோல் ஒரு பொருளைப் புகழ்ந்து பேசும் காணொளியின் கீழே வாங்கும் இணைப்பு இருந்தால், ஒவ்வொரு விற்பனைக்கும் பேசியவருக்குத் தரகு போகக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தராசைப் புகழ்ந்து அதிகம் பேர் பேசாததற்கு அதில் தரகு அதிகம் தேறாததே காரணம் என்பது என் எண்ணம்.

இயந்திரத்துக்குள் நீரிலிருந்து படியும் உப்பை நீக்குவதற்கு நிறுவனம் சொல்லும் கரைசலையோ சிட்ரிக் அமிலத்தையோ பயன்படுத்துங்கள். நீர் கடினமாக இருந்தால் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

இயந்திரத்தை மாற்றும் எண்ணத்தை கிரைண்டர் வந்து சில மாதங்கள் பழகிய பிறகு எடுத்துப் பாருங்கள். கிரைண்டரும் தராசும் அடுத்த இயந்திரத்துக்கும் அப்படியே உடன் வரும். 51 மி.மீ. டேம்பரும் போர்ட்டாஃபில்டரும் வராது. கிட்டைத் தள்ளிப்போடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டில் பலருக்கு அடுத்தடுத்துப் பால் கலந்த காப்பி வேண்டியிருந்து, ஒவ்வொரு முறையும் சூடேற்றி ஆறுவதற்குக் காத்திருப்பது தொல்லையாக இருந்தால், மாற்றுவதற்கு அது நியாயமான காரணம்தான். அப்போது பணம் கொடுக்கும் முன் விற்பனையாளரிடம் இரண்டு தகவல்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: போர்ட்டாஃபில்டரின் துல்லியமான அளவு என்ன, ஒற்றைச் சுவர் பாஸ்கெட் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா.